ஸ்டாட்ஸ் அரியர் ஒருவழியாக முடிந்தது

ஸ்டாட்ஸ், அதாவது புள்ளியியல் பேப்பர், இரண்டாவது தடவையில்தான் கிளியர் ஆனது. முதல் ரிசல்ட் வந்ததும் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தேன். கணக்குத் தெரியாமல் போன மார்க் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் கால்குலேட்டரிலும், விடையை ஒப்பிடப் பார்க்கும் புள்ளியியல் டேபிளிலும் கோட்டை விட்டது.

பெரிய அடி டி-டெஸ்ட்டில், அதாவது சில எண்களை வைத்து ஒரு சராசரி சரியா என்று பார்க்கும் சோதனையில். இந்த மாதிரிக் கணக்குதான்: 52, 48, 50, 53, 55, 51, 49, 54. சராசரி 49.5 என்பது சரியா என்று 5% மட்டத்தில் சோதிக்க வேண்டும். இந்த எட்டின் சராசரி 51.5, விலகல் வர்க்கங்களின் கூட்டல் 42. கேசியோ 991 எம்எஸ்ஸில் ஷிஃப்ட், 2 அழுத்தினால் இரண்டு எஸ்டி (திட்ட விலக்கம்) இருக்கும். 2-ஐத் தட்டினால் எட்டால் வகுத்தது, 2.291. 3-ஐத் தட்டினால் ஏழால் வகுத்தது, 2.449. சராசரிகளின் வித்தியாசம் 2-ஐ, எஸ்டியை ஒரு ரூட்டால் வகுத்து வருவதால் வகுத்தால் டி. முன்னதை எடுத்தால் எஸ்டிக்குக் கீழே ரூட் 7, பின்னதை எடுத்தால் ரூட் 8. எந்த வழியில் போனாலும் டி 2.309 வரும். நான் 2.291-க்கு ரூட் 8 போட்டு 2.469 கொண்டுவந்தேன். டேபிள் மதிப்பு 2.365; டி இதைத் தாண்டினால்தான் 49.5-ஐ நிராகரிக்க வேண்டும். ஏற்க வேண்டியதை நிராகரித்தாயிற்று!

அதே கால்குலேட்டரில் இன்னொன்று: முந்தைய கணக்கின் எண்கள் உள்ளேயே கிடக்கும். புதுக் கணக்குக்கு முன் ஷிஃப்ட், மோடு, 1, சமக்குறி. எண்களைப் போட்டதும் மொத்தம் எட்டுதானா என்று எண்ணிக்கையையும் பார்த்துவிடுங்கள்.

டேபிள் கதை தனி. கையோடு கொண்டுபோனதை வாங்கி வைத்துக்கொண்டு, முக்கால் மணி நேரம் கழித்து வேறொரு புத்தகத்தை நீட்டினார்கள். பழகிய புத்தகத்தில் 0.05 (அதே 5%) என்ற தலைப்பு இருபக்கச் சோதனைக்கு, அதாவது கூடினாலும் குறைந்தாலும் பார்ப்பதற்கு. இதில் ஒருபக்கத்துக்கு. 7 டிகிரிக்கு (டிகிரி ஆஃப் ஃபிரீடம், இங்கே எட்டில் ஒன்று குறைவு) 0.05-இன் கீழ் 1.895 இருக்கிறது என்று அப்படியே எடுத்தால் தீர்ப்பு மறுபடி புரண்டுவிடும். இருபக்கத்துக்கு 0.025-இன் கீழ் போக வேண்டும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி, டி டேபிளின் கடைசி வரிசை, முடிவிலி. அங்கே 0.05-க்கு 1.645 இருந்தால் ஒருபக்கம், 1.960 என்றால் இருபக்கம். நார்மல் டேபிளுக்கும் (மணி வடிவ வளைவின் கீழுள்ள பரப்பைத் தருவது) இப்படி ஒன்று உண்டு: 1.00-க்கு 0.3413 என்றால் நடுவிலிருந்து அளந்தது, 0.8413 என்றால் இடக்கோடியிலிருந்து. கேள்வியில் "அதிகமா", "குறைவா" என்று இருந்தால் மட்டுமே ஒருபக்கம்.

பல குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் அனோவா, லத்தீன் சதுரம் கணக்குகள் எல்லாம் கை வலிக்கும், அவ்வளவுதான்.

கை-ஸ்கொயரில் (கிடைத்த எண்ணிக்கையை எதிர்பார்த்ததோடு ஒப்பிடும் சோதனை) பாய்சான் பரவலைப் பொருத்தச் சொன்னால் 5-க்குக் குறைவான எதிர்பார்ப்பு எண்களைப் பக்கத்து வகுப்போடு சேர்த்த பிறகே டிகிரியை எண்ண வேண்டும். 6 வகுப்பு 5 ஆனால் அதில் 1 கழியும். சராசரியைத் தரவிலிருந்தே எடுத்தீர்கள் என்றால் இன்னொரு 1. மீதி 3, டேபிளில் 7.815. நான் 5 என்று வைத்து 11.070 எடுத்திருந்தேன்.

மறுமதிப்பீட்டுக்கும் பணம் கட்டிப் பார்த்தேன். மாற்றமில்லை என்று வந்தது. 2.469-க்கு யார் மார்க் போடுவார்கள்?