ஆறு மணி அறிக்கை

தை 11
இன்றும் 3.

தை 12
சுவிட்சர்லாந்தின் டாவோஸில் மாலை ஐந்து மணிக்கு வெளியாகும் பனிச்சரிவு அறிக்கை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எனக்கு ஆறு மணிக்குக் கிடைக்கிறது. ஐந்து ஆபத்து நிலைகளில் மூன்றாவது என்றால் நடுத்தரம்தானே என்று முதல் வாரம் நிம்மதியாக இருந்தேன். சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவில் இறப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் 3 அறிவிக்கப்பட்ட நாள்களில்தான் இறக்கிறார்கள் என்பதை அதன் பிறகே படித்தேன். 4 என்றால் பெரும்பாலோர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். 3 என்றால் புதுப்பனி கிடக்கும், வானமும் வெளுத்திருக்கும், கால் நிற்காது. அங்கே இருக்கும் தம்பிக்குச் சிறு வயதிலிருந்தே கால் நிற்பதில்லை.

தை 13
காவடிக்குக் கொடியேறிவிட்டது, வீட்டில் விரதம். வெப்பம் 33 டிகிரி.

தை 15
நான்கு நாளாக அறிக்கையில் ‘பழைய பனி’ என்றே வருகிறது. பனி மெல்லியதாகப் படிந்து, கடுங்குளிர் நீடித்தால், வெதுவெதுப்பான தரைக்கும் குளிர்ந்த மேற்பரப்புக்கும் இடையில் அடிப்பனி ஒன்றோடொன்று ஒட்டாத மணிகளாகிவிடுகிறது; மலையேறுபவர்கள் அதைச் சர்க்கரைப் பனி என்கிறார்கள். அதன்மீது புதுப்பனி பலகைபோல் இறுகிவிட்டால், அதை நழுவவைக்க ஓர் ஆளின் எடையே போதும். தட்டில் சர்க்கரையைப் பரப்பி, மேலே மாவை ஈரக்கையால் அழுத்தி, பேரனின் கோணமானியை வைத்துத் தட்டை மெல்லத் தூக்கினேன். 30 டிகிரியைத் தாண்டியதும் மாவு குறுக்கே விரிசல் விட்டு, ஒரே பாளமாக என் மடியில் விழுந்தது. மலையிலும் 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவுகளைத்தான் அஞ்சச் சொல்கிறார்கள். எறும்பு மொய்க்கும் என்று கடிந்துகொண்ட மனைவி, எதற்காகச் செய்தேன் என்று கேட்கவில்லை.

தை 16
இன்று 2. இரவு சோறு இறங்கியது.

தை 18
தம்பி பேசினான். முந்தாநாள் நடக்கும்போது காலடியில் ‘வும்’ என்று ஓசை எழுந்து, சுற்றிலும் பனி ஒரு விரற்கடை அமுங்கியதாகவும், உடனே திரும்பிவிட்டதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னான். முந்தாநாள்தான் நான் சோறு இறங்கியது என்று எழுதியிருக்கிறேன். சமிக்ஞைக் கருவி மார்பில் இருக்கிறது, துழாவுகோலும் மண்வாரியும் பையில் இருக்கின்றன என்றான். புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் பிழைப்பது அரிது. எடுப்பதற்கு மேலே ஒருவர் நிற்க வேண்டும். உடன் யார் வருகிறார்கள் என்று கேட்டேன். இணைப்பு சரியில்லை என்றான்.

தை 19
மீண்டும் 3. இந்த மாதத்தில் எங்களுக்கு உச்சி வெயில் வடக்கிலிருந்து விழுகிறது, அங்கே வடக்குச் சரிவுகள்தாம் நிழலில் கிடந்து பழைய பனியைக் காப்பாற்றி வைக்கின்றன. இத்தனை நாளும் அறிக்கையின் படத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, வடக்கு என்றால் நல்லது என்று எண்ணியிருந்தேன். இரவு முழுவதும் வடமேற்குக் காற்று பலமாக வீசுமாம். காற்று தான் மோதும் பக்கத்துப் பனியை வாரி, முகட்டைத் தாண்டி மறுபக்கத்தில் குவிக்கும். நாளை போவதாகச் சொன்ன சரிவு தென்கிழக்குப் பார்த்ததா என்று கேட்கத் தவறிவிட்டேன். இரண்டு முறை அழைத்தேன், மணி அடிக்கிறது.