தங்கச்சி மகள் கொண்டுவந்த கல்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

தங்கச்சி மகள் பொங்கலுக்கு வந்திருக்கிறாள். இங்கிலாந்தின் வடகிழக்கில் மிடில்ஸ்பரோ என்கிற ஊரில் நர்ஸ் வேலை. வீட்டில் எல்லாருக்கும் சாக்லேட், எனக்கு மட்டும் ஒரு கல். "கடற்கரையில கிடந்துச்சு மாமா. கைக்கு அடக்கமா இருக்கேன்னு எடுத்தேன். பெட்டியில எடை ஏறிப்போச்சு" என்றாள்.

உண்மையிலேயே கனக்கிறது. மாம்பழ அளவு, துருப்பிடித்த பழுப்பு நிறம், ஓரங்கள் உருண்டிருக்கின்றன. பேரனின் சின்ன எலக்ட்ரானிக் தராசில் வைத்தேன். 412 கிராம். அப்புறம் தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, கல்லை நூலில் கட்டி அடியைத் தொடாமல் முக்கினேன். தராசு 118 கிராம் கூடக் காட்டியது. அதாவது கல் விலக்கிய தண்ணீர் 118 கிராம். வகுத்தால் அடர்த்தி 3.5 வருகிறது. சாதாரணக் கல் 2.7 பக்கம்தான் இருக்கும். 34 வருஷம் வேதியியல் நடத்தியவனுக்கு இதற்கு மேல் தூக்கம் வருமா?

எடுத்த இடம் ஸ்டெய்த்ஸ் என்ற மீன்பிடிக் கிராமம். கடலை ஒட்டிக் கறுத்த களிப்பாறைச் செங்குத்து. அதில் அங்கங்கே செம்பழுப்பு வரிகள் அலமாரித் தட்டு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்றாள். மெல்லிய களிப்பாறையை அலை அரித்துவிடுகிறது, கெட்டியான வரி மட்டும் நிற்கிறது. பிறகு அதுவும் உடைந்து கரையில் விழுகிறது. விழுந்ததில் ஒன்றுதான் பாளையங்கோட்டைக்கு வந்திருக்கிறது.

ஜனவரி 7, செவ்வாய்

கடையில் ஆசிட் வாங்கிவந்து மொட்டை மாடியில் சோதனை. பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்கத் தாழையூத்துச் சுண்ணாம்புக்கல் ஒரு துண்டு. அதன் மேல் ஒரு சொட்டு விட்டதும் கோலிசோடா உடைத்தது போலப் பொங்கியது. இங்கிலாந்துக் கல்லிலோ அசைவே இல்லை. கொஞ்சம் பொடித்து, கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்தேன். ஐந்து நிமிஷத்தில் மணிமணியாகக் குமிழி.

குளிரில் சும்மா இருந்து சூட்டில் பொங்கினால் கார்பனேட்தான், ஆனால் சுண்ணாம்பு இல்லை. டோலமைட்டும் இப்படித்தான் நடிக்கும். ஆனால் அது இவ்வளவு கனக்காது. கனம், நிறம், குமிழி மூன்றும் சேர்ந்தால் எனக்குத் தோன்றுவது சிடெரைட், அதாவது இரும்புக் கார்பனேட். சிடெரோஸ் என்றால் கிரேக்கத்தில் இரும்பு. 1845இல் ஹைடிங்கர் என்ற ஆஸ்திரியக் கனிமவியலார் வைத்த பெயர். சுத்தமாகக் கிடைத்தால் எடையில் 48 சதவீதம் இரும்பு. என் கல்லில் களிமண் கலந்திருக்கும், அதனால்தான் அடர்த்தி 3.96க்குப் பதில் 3.5.

ஜனவரி 9, வியாழன்

இரும்புதான் என்று நிரூபிக்க வேண்டுமே. லேப் இல்லை, கடுக்காய் இருக்கிறது. அந்தக் காலத்தில் கடுக்காய்த் தண்ணீரில் இரும்பைப் போட்டுத்தான் மை காய்ச்சினார்கள். கடுக்காயைத் தட்டி ஊறவைத்து, செவ்வாய்க்கிழமை ஆசிட் கரைசலில் விட்டேன். ஒன்றும் ஆகவில்லை. மங்கலான மஞ்சள், அவ்வளவுதான். கல்லின் மேல் சந்தேகம் வந்து, ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது: ஆசிட் அதிகமாக இருந்தால் அந்தக் கறுப்பு பிடிக்காது. எழுந்து போய் ஆப்பசோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டேன். நுரைத்து அடங்கியதும் ஓரத்திலிருந்து ஊதா படர்ந்து, மையாகவே கறுத்துவிட்டது. மாணவர்களுக்கு எத்தனையோ தடவை சொன்ன பாடம், எனக்கே மறந்துபோச்சு.

சிங்க் தொட்டியில் கறை. காலையில் வீட்டு அம்மாளிடம் கேட்டது தனிக் கதை.

ஜனவரி 11, சனி

பொங்கலுக்கு வெள்ளையடிப்பு. தாத்தா கட்டிய கீழ்வீட்டின் உத்தரத்தில் பல வருஷத்துச் சுண்ணாம்பு படை படையாக இருந்தது. பையன் சுரண்டியபோது கர்டரில் புடைப்பெழுத்து தெரிந்தது. டார்ச் அடித்துப் படித்தேன்: டார்மன் லாங், மிடில்ஸ்பரோ, இங்கிலாந்து.

"மாமா, நான் இருக்கிற ஊரு!" என்று தங்கச்சி மகள் ஏணியில் ஏறிவிட்டாள்.

இந்த எழுத்து நம் பக்கத்துப் பழைய வீடுகளில் அபூர்வம் ஒன்றும் இல்லை. சிட்னி துறைமுகப் பாலத்தைக் கட்டியதும் இதே கம்பெனிதான். எனக்கு ஆச்சரியம் வேறு. மிடில்ஸ்பரோவில் 1801இல் 25 பேர்தான் இருந்தார்கள். 1850 ஜூனில் ஜான் வான் என்ற இரும்பாலை முதலாளியும் ஜான் மார்லி என்ற சுரங்கப் பொறியாளரும் அருகிலுள்ள எஸ்டன் குன்றில் இரும்புத் தாதுப் படுகையைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு ஐம்பது வருஷத்தில் அது தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் வாழும் ஊராகிவிட்டது. அந்தப் படுகை கடலை எட்டிப் பார்க்கிற இடங்களில் ஒன்றுதான் ஸ்டெய்த்ஸ். தாதுவின் பெரும்பகுதி சிடெரைட்டும் இரும்பு கலந்த ஒரு களிமண் கனிமமும். இரும்பு 30 சதவீதத்துக்குப் பக்கம், அதாவது ஏழைத் தாது. அதில் பாஸ்பரஸ் வேறு. 1879இல் தாமஸ், கில்கிறிஸ்ட் என்ற இரண்டு பேர் பாஸ்பரஸை நீக்கும் வழியை அந்த ஊரிலேயே செய்து காட்டிய பிறகுதான் அந்தத் தாதுவில் நல்ல எஃகு வந்தது. கடைசிச் சுரங்கம் 1964இல் மூடப்பட்டது.

ஸ்பெயின் தாதுவையும் கலந்து உருக்கிய ஆலைகள் அவை. எங்கள் உத்தரத்தில் எந்த நாட்டு இரும்பு எத்தனை பங்கு என்று இனி யாரும் பிரிக்க முடியாது. இருந்தாலும் கல்லை எடுத்துப்போய்க் கர்டருக்கு அடியில் ஒரு நிமிஷம் பிடித்துப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை.

ஜனவரி 18, சனி

பொங்கலெல்லாம் முடிந்து கொல்லப்பட்டறை திறந்திருந்தது. ஆசாரி என்னைவிட மூத்தவர், அவருடைய இரண்டு பையன்களும் என்னிடம் படித்தவர்கள். "என்ன சார்வாள், அரிவாளா?" என்றார்.

"கல்லு அண்ணாச்சி. உடைக்கணும்."

சம்மட்டியில் மூன்றாவது அடிக்கு இரண்டாகப் பிளந்தது. வெளியே ஈர்க்குக் கனத்தில் துரு, வெங்காயத் தோல் போல இரண்டு மூன்று சுற்று. உள்ளே சாம்பல் நிறத்தில் நைசான கல். பனங்கொட்டையை வெட்டினால் கறுத்த ஓட்டுக்குள் வெளுத்த தவுண் இருக்குமே, அதே தோற்றம். போன வாரம் முழுக்கக் கிழங்கும் தவுணுமாகத் தின்றதால் அப்படித் தோன்றியிருக்கலாம்.

உள்கல்லில் காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. ஒரு சில்லை உலையில் போட்டுத் துருத்தியை இழுத்தார். சடசடவென்று பொரிந்து, ஒரு தெறிப்பு என் வேட்டியில் பொத்தல் போட்டது. சிவக்கக் காய்ந்து ஆறிய பிறகு சில்லு கருப்பாக இருந்தது. காந்தத்தைக் காட்டியதும் டக்கென்று தாவி ஒட்டிக்கொண்டது.

"உள்ள இரும்பு இருந்தா முதல்லயே ஒட்டியிருக்கணுமே?" நியாயமான கேள்வி. முதலில் இரும்பு கார்பனேட்டாகக் கட்டுண்டு கிடந்தது. சுத்தமான சிடெரைட் நூறு கிராமில் 38 கிராம் கரியமில வாயு. சூட்டில் அது கழன்று போய்விட, மிச்சம் காந்தம் பிடிக்கிற ஆக்சைடாகிவிடுகிறது. யார்க்ஷயரில் ரோஸ்டேல் பள்ளத்தாக்கில் இப்படிச் சுட்டெடுக்கவே பெரிய சூளைகள் கட்டினார்கள். காற்றாகப் போகிறதை ஏன் ரயிலில் ஏற்றிக் கூலி கொடுக்க வேண்டும்?

ஆசாரி அதைக் கேட்டுச் சிரித்தார். "கொட்டையை எடுத்துட்டுப் புளியை விக்கிற மாதிரி."

ஜனவரி 24, வெள்ளி

பேப்பர் முழுக்கச் சிவகளை அகழாய்வு. தாழியில் இரும்புப் பொருள்களோடு கிடைத்த கரித்துண்டுகளில் ஒன்றின் காலம் கி.மு. 3345 என்று முதலமைச்சர் நேற்று வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. காலம் கணித்தது கரியை, இரும்பை அல்ல என்பதை டீக்கடையில் சொன்னேன். ஒருவரும் ரசிக்கவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

இன்று நாளெல்லாம் சேற்றில். பழைய மாணவர் ஒருவருடைய வயல், சீவலப்பேரிப் பக்கம், பிசானப் பயிர் நிற்கிறது. இந்தக் கல் எப்படி உண்டானது என்பதை இங்கிலாந்துக்குப் போகாமல் புரிந்துகொள்ள வயலைவிட்டால் வேறு இடம் கிடையாது.

ஒரு தூரைப் பிடுங்கினேன். வரப்பு மண் செம்பழுப்பு, தண்ணீருக்கடியில் ஒரு சாண் ஆழத்துச் சேறோ நீலச் சாம்பல். ஒரே மண்தான். தண்ணீர் கட்டியதும் காற்று போவது நின்றுவிடுகிறது. நுண்ணுயிர்கள் சருகைத் தின்னும்போது ஆக்சிஜனுக்குப் பதில் துருவிலுள்ள இரும்பைப் பயன்படுத்துகின்றன. சிவந்த இரும்பு, கரையக்கூடிய நிறமில்லாத இரும்பாக மாறிவிடுகிறது. வேரைக் கழுவிப் பார்த்தால் அதைச் சுற்றி மட்டும் துரு உறை. நெல் தன் தண்டு வழியாகக் காற்றை இறக்கி வேரோரம் கசியவிடுகிறது, அங்கே இரும்பு மறுபடி சிவக்கிறது. வயலின் கடைக்கோடியில் மண்டி நின்ற தண்ணீரில் எண்ணெய் போல வானவில் படலம். "டீசல் சிந்திருச்சோன்னு பயந்திருக்கேன் சார்" என்றார். விரலால் தொட்டால் எண்ணெய் குழைந்து மறுபடி கூடும். இது சில்லுச் சில்லாக உடைந்தது. இரும்பு.

கரைந்த இரும்பு நிறைய, அழுகலிலிருந்து வந்த கார்பனேட் நிறைய, காற்று சுத்தமாக இல்லை. இந்த நிலைமை நீடித்தால் இரண்டும் கைகோத்துச் சிடெரைட்டாகப் படியும். வயலை அறுவடைக்கு வடிக்கிறோம், அதனால் கூட்டணி கலைந்துவிடுகிறது. யார்க்ஷயர்ச் சேறு 18 கோடி வருஷத்துக்கும் முன்பே கடலடியில் புதைந்தது. வடிக்க ஆள் இல்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

தங்கச்சி மகள் கிளம்புவதற்கு முன் கடற்கரைக்கு ஒரு சுற்று. முதலில் புன்னக்காயல், தாமிரபரணி கடலில் சேருமிடம். அலையாத்திச் செடிகளுக்கு அடியில் சேறு கன்னங்கரேல், அழுகிய முட்டை நாற்றம். ஆற்றில் இறங்கி வருகிற அதே இரும்புதான். ஆனால் கடல்நீரில் சல்பேட் இருக்கிறது. வேறு வகை நுண்ணுயிர்கள் அதைச் சல்பைடாக்குகின்றன. சல்பைடு இரும்பைக் கண்டால் விடாது, கறுப்பாகக் கட்டிப்போட்டுவிடும். கார்பனேட்டின் பங்குக்கு இரும்பு மிஞ்சுவதில்லை. கடலடிச் சேற்றில் சிடெரைட் வேண்டுமானால் சல்பேட் தீர்ந்துபோன ஆழத்தில்தான், அல்லது சல்பைடால் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு இரும்பு கொட்டிக் கிடக்க வேண்டும்.

மத்தியானம் மணப்பாடு. நம் சீமையில் கடலோரச் செங்குத்து என்று காட்ட இந்தக் குன்றுதான். சவேரியார் குகைப் பக்கம் இறங்கி, ஏற்கெனவே உதிர்ந்து கிடந்த ஒரு துணுக்கில் ஆசிட் விட்டேன். குளிரிலேயே பொங்கியது. சிப்பி மணலைச் சுண்ணாம்பு ஒட்டவைத்த கல், உள்ளே முழுக்கக் காற்றோட்டம். இங்கே சிடெரைட் தேடுவது தென்னையில் நுங்கு தேடுவதற்குச் சமம். திரும்பும்போது தேரி என்கிற செம்மணல் மேடு. மணல் ஒவ்வொன்றிலும் செந்துருப் பூச்சு. நம்மிடம் இரும்புக்குப் பஞ்சமில்லை, அதெல்லாம் காற்றுப் பட்ட இரும்பு.

பிப்ரவரி 4, செவ்வாய்

விதி சொல்லி இரண்டு நாள் ஆகவில்லை, விதிவிலக்கைப் படித்தேன். இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில், கடல்நீர் ஏறி இறங்குகிற உவர்ச் சதுப்பிலேயே சிடெரைட் உருண்டைகள் இப்போதும் வளர்கின்றன. சிலவற்றின் நடுவே இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் குண்டுச் சில்லு. கோடி வருஷம் எல்லாம் இல்லை, சில பத்து வருஷத்து வேலை. சல்பேட்டைத் தின்கிற நுண்ணுயிர்களே இரும்பையும் மாற்றுகின்றன என்று 1993இல் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். புன்னக்காயலில் நான் அவ்வளவு கறாராகப் பேசியிருக்க வேண்டாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

உவரிப் பக்கத்து நண்பர் போன் செய்தார். கடல் அரிப்பு, அதைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் தூண்டில் வளைவு, அதற்குக் கல் வருவதில் தாமதம். அவரிடம் ஹெங்கிஸ்ட்பரி முனையைப் பற்றிச் சொன்னேன். தென் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கேயும் குன்றிலிருந்து சிடெரைட் பாறைகள் விழுந்து கரையில் கிடந்தன. 1848இலிருந்து ஒரு வியாபாரி அவற்றை அள்ளி இரும்பாலைக்கு விற்றார். அலையைத் தடுத்துக்கொண்டிருந்ததே அந்தக் கற்கள்தான் என்பது அப்புறம் தெரிந்தது. குன்று மளமளவென்று கரைந்தது. 1938இல் அதே இடத்தில் நீளமாக ஒரு தூண்டில் வளைவு கட்டினார்கள். நண்பர் கொஞ்சம் நேரம் பேசவில்லை. "அங்கயுமா?" என்றார்.

ஏப்ரல் 19, சனி

இரண்டு மாதமாக எழுதவில்லை, கண்ணில் புரை எடுத்தார்கள். இப்போது நன்றாகத் தெரிகிறது.

செவ்வாய்க் கிரகத்தில் சிடெரைட்டாம். கியூரியாசிட்டி வண்டி கேல் பள்ளத்தில் துளைத்த பாறைகளில் எடையில் 5 முதல் 10 சதவீதம் வரை இருக்கிறது என்று சயன்ஸ் இதழில் முந்தாநாள் வந்திருக்கிறது. செவ்வாயில் ஒரு காலத்தில் தண்ணீர் ஓடக் கனத்த கரியமில வாயுமண்டலம் இருந்திருக்க வேண்டும், அந்த வாயுவெல்லாம் எங்கே போனது என்று ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் இந்தக் கல்லுக்குள் போயிருக்கிறது. ஆசாரி உலையில் நாங்கள் வெளியேற்றினோமே, அதே வாயு. தங்கச்சி மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். சிரிப்புப் பொம்மை ஒன்று வந்தது.

கல்லின் ஒரு பாதியை ஜனவரியிலேயே மேஜை டிராயரில் வைத்தேன், மறு பாதியை மாடியில் எவர்சில்வர்த் தம்ளரில் பாதித் தண்ணீரில். இன்று இரண்டையும் சேர்த்து வெயிலில் வைத்துப் பார்த்தேன். டிராயர்க் கல் அதே சாம்பல். தம்ளர்க் கல்லில் தண்ணீர் விளிம்பு தொட்ட இடத்தில் மட்டும் மெல்லிய வைக்கோல் நிறம். வீட்டு அம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றும், அந்தத் தம்ளரைத்தான் மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள்.