சின்ன மாத்திரை ராத்திரிக்கு

ஈரோடு பக்கம் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். சுகர், பிரஷர் பார்க்கும் என்சிடி (தொற்றா நோய்) பிரிவு என் பொறுப்பு. வருகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள்.

ஒரு நாள் காலையில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியை மகன் வண்டியில் உட்காரவைத்துப் பிடித்தபடி கூட்டி வந்தார். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது. விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 48, ரொம்பவே குறைவு. நல்லவேளை நினைவு இருந்தது, குளுக்கோஸ் கரைத்துக் குடிக்க வைத்தோம். கொஞ்சம் தெளிந்ததும், "மாத்திரை எப்படிப் போட்டீங்க பாட்டி?" என்று கேட்டேன். "நீ சொன்னாப்பலயேதான் கண்ணு முழுங்குனேன்" என்றார்.

மஞ்சப்பையைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. முந்தைய மாதம் நான்தான் சொல்லியிருந்தேன்: பெரிய வெள்ளை ரெண்டு வேளையும், பச்சை காலையில, சின்ன வெள்ளை ராத்திரிக்கு. பச்சை என்றது சுகருக்கான கிளிமிபிரைடு, சின்ன வெள்ளை பிரஷருக்கான ஆம்லோடிபின். அடுத்த மாதம் வேறு கம்பெனி மருந்து வந்தது, கிளிமிபிரைடு சின்ன வெள்ளையாகிவிட்டது. பாட்டி சொன்ன சொல் தவறாமல் அதை ராத்திரி போட்டுக்கொண்டு, பசியில்லை என்று அரை டம்ளர் மோர் மட்டும் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார். பிரஷர் மாத்திரையும் வேறு மாதிரி வந்திருந்தது, அந்த அட்டை பிரிக்காமல் அப்படியே இருந்தது, "இது புதுசா இருந்துச்சு, எதுக்குன்னு தெரியல" என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நிறத்தையும் அளவையும் மட்டும் அடையாளமாகக் கொடுத்தது நான். இதில் அவர் தப்பு என்று எதைச் சொல்வது? அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதற்கப்புறம்தான் நாம் பேசும் வார்த்தைகள் அவர்கள் காதில் என்னவாகப் போய் விழுகின்றன என்று கவனிக்க ஆரம்பித்தேன். வெறும் வயிற்றில் சுகர் பார்க்க ரத்தம் கொடுக்க வந்த ஒரு அம்மாவிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் இல்லை என்கிறார். சுகர் 260. டாக்டர் டோஸை ஏற்றப் போகிறார். ஏதோ தோன்றி, காலையில எழுந்ததிலிருந்து வாயில என்னென்ன போட்டீங்க என்று கேட்டேன், ரெண்டு இட்லி, ஒரு டீ. அவருக்குச் சாப்பாடு என்றால் சோறு, இட்லி அந்தக் கணக்கில் வராது! இன்னொருவர் சர்க்கரையை அடியோடு விட்டுவிட்டார், காபிக்குக் கருப்பட்டி போட்டுக்கொள்கிறார், ஏனென்றால் நாங்கள் "சர்க்கரை சேர்க்காதீங்க" என்றுதான் சொன்னோம். "பிரஷர் நார்மல்" என்று சந்தோஷமாகச் சொல்லி அனுப்பினால், சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிட்டு அடுத்த தடவை 180/110-உடன் வருகிறவர்கள் எத்தனை பேர். மாத்திரை போடுவதால்தான் நார்மலாக இருக்கிறது என்பதை நாங்கள் சொல்லவே இல்லையே.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் "சரிங்க" என்பார்கள். அது மரியாதைக்குச் சொல்கிற சரி. பின்னால் கூட்டம் நிற்கிறது, நர்ஸம்மா கோபித்துக்கொள்வாளோ என்ற பயம் வேறு. அதனால் இப்போது அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். அட்டைகளை மேசையில் பரப்பி, "வீட்டுக்குப் போய் எதை எப்பப் போடுவீங்க, எடுத்துக் காட்டுங்க" என்கிறேன். தப்பாக எடுத்தால், நான் சரியாகச் சொல்லவில்லை என்று திரும்பச் சொல்கிறேன். ஆளுக்கு ரெண்டு நிமிஷம் கூடுதலாகிறது, கிளினிக் நாளில் அது பெரிய விஷயம்தான், இருந்தாலும் விடுவதில்லை. கவரின் மேல் சூரியன், நிலா வரைந்து கொடுக்கிறோம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கும் தன்னார்வலர் அக்காவிடம், மிச்சம் இருக்கும் பழைய அட்டைகளையும் வாங்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அடுப்படி அலமாரியில் என்ன கிடக்கிறது என்று அவருக்குத்தானே தெரியும்.

தனியாக இருக்கும் ஒரு தாத்தாவுக்குக் கண்புரை, ஆபரேஷனுக்கு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. சூரியனும் நிலாவும் அவருக்கு ஒன்றுதான். காலை அட்டைக்கு ஒரு ரப்பர் பேண்டும் ராத்திரி அட்டைக்கு இரண்டும் போட்டுக் கொடுத்தேன். போன வாரம் வந்தபோது விரலால் தடவிப் பார்த்து ரெண்டையும் சரியாகச் சொன்னார், ரப்பர் ஒன்று அறுந்துவிட்டது, வேறு கொடு என்று கேட்டு வாங்கிப் போனார்.