ஒட்டாத பிப்பெட்

ஒரு செல்லின் மின்னோட்டத்தைக் கண்ணாடி நுனியால் பிடித்து அளக்கும் பேட்ச் கிளாம்ப் முறையைக் கற்கத் தொடங்கி ஆறு வாரம் ஆகியும் ஒரு நியூரானைக்கூட என்னால் ஒழுங்காகப் பதிவு செய்ய முடியவில்லை. கண்ணாடிப் பிப்பெட்டின் நுனி செல்லின் சவ்வோடு இறுக ஒட்ட வேண்டும். ஒட்டினால் மின்தடை 1 கிகா ஓமைத் தாண்டும். எனக்கு 200, 300 மெகா ஓமிலேயே நின்றுவிடும். அப்படி நின்றால் ஓரத்தில் கசியும் மின்னோட்டத்தில் செல்லின் சிக்னல் அமிழ்ந்துபோகும்.

1976-ல் இந்த முறையை உருவாக்கிய எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் ஒற்றை அயனிக் கால்வாயின் (சவ்வில் அயனிகள் கடக்கும் நுண்துளையின்) மின்னோட்டத்தை அளந்தபோது அவர்களுக்கே இந்த இறுக்கம் கிடைத்திருக்கவில்லை. சுத்தமான புதுப் பிப்பெட்டும் லேசான உறிஞ்சலும் சேர்ந்தால் கிகா ஓம் வரும் என்று சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. இதைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

என் கைதான் நடுங்குகிறது என்று நினைத்திருந்தேன். ஒருநாள் சீனியர் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, நான் எந்த செல்லைத் தேடிப் போகிறேன் என்று மட்டும் பார்த்தார். "இது செத்த செல்லுப்பா" என்றார். மைக்ராஸ்கோப்பில் விளிம்பு பளிச்சென்று, உட்கரு துல்லியமாகத் தெரிந்த செல்களையே நான் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். உயிரோடு இருக்கும் நியூரான் மங்கலாக, மழமழவென்று இருக்கும். தேடிக் கண்டுபிடிக்கவே நேரமாகும்.

அதனால் மூளையைச் சீவல்களாக வெட்டும் வேலைக்கே திரும்பினேன். சுண்டெலியின் மூளையை எடுத்து, பனிபோல் குளிர்ந்த, சோடியம் குறைத்துச் சுக்ரோஸ் சேர்த்த கரைசலில் வைத்து, அதிரும் பிளேடு கொண்ட வைப்ரடோம் கருவியில் 300 மைக்ரோமீட்டர் தடிமனில் வெட்டுவோம். கரைசலில் 95% ஆக்ஸிஜனும் 5% கார்பன் டை ஆக்ஸைடும் கலந்த வாயு இடைவிடாமல் குமிழியிட வேண்டும். நான் மூளையை எடுக்கவே அதிக நேரம் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிடங்களில்தான் செல்கள் செத்துக்கொண்டிருந்தன. அதைச் சுருக்கியதும் சீவலின் மேற்பரப்பே மாறிவிட்டது.

சரி, செல் நன்றாக இருந்தது. அப்போதும் ஒட்டவில்லை. பிப்பெட்டுக்குள் காற்றழுத்தம் கொடுத்தபடிதான் திசுவுக்குள் இறங்குவோம், நுனியில் அழுக்கு ஒட்டாமலிருக்க. அழுத்தமானியை இணைத்துப் பார்த்தால் முள் மெல்ல மெல்ல இறங்கியது. பிப்பெட்டைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தது. வளையத்தை மாற்றிய அன்று மதியம் நுனி பட்ட இடத்தில் சவ்வு சின்னதாகக் குழிந்தது. அழுத்தத்தை விட்டு மெதுவாக உறிஞ்சினேன். 80 மெகா, 400 மெகா, அப்புறம் திடீரென 2 கிகா. இன்னொரு சிறு உறிஞ்சலில் சவ்வு திறந்தது. ஓய்வு மின்னழுத்தம் மைனஸ் 68 மில்லிவோல்ட். அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்கப்புறம்தான் எந்த நியூரான் எதோடு இணைந்திருக்கிறது என்ற சுற்றமைப்புக் கேள்விக்கே வர முடிந்தது. ஒளியால் நியூரான்களைத் தூண்டும் ஆப்டோஜெனடிக்ஸில், பச்சைப் பாசியிலிருந்து வந்த சேனல்ரோடாப்சின் என்ற, ஒளிக்குத் திறக்கும் புரதத்துக்கான மரபணுவை வைரஸ் மூலம் மூளையின் வேறொரு பகுதியில் சில வாரங்கள் முன்பே செலுத்தியிருப்போம். நீல ஒளியை 2 மில்லிசெகண்ட் அடித்தால் அங்கிருந்து வரும் இழைகள் தூண்டப்படும். நான் பிடித்திருந்த செல்லில் உள்நோக்கிய மின்னோட்டம் ஒன்று எழுந்தது. நேரடி இணைப்பா, நடுவில் இன்னொரு நியூரான் இருக்கிறதா? செயல் மின்னழுத்தத்தை அடக்கும் டெட்ரோடோடாக்சினைச் சேர்த்தேன், மின்னோட்டம் மறைந்தது. இழை முனைகளை ஒளி மட்டுமே தூண்ட உதவும் 4-அமினோபிரிடின் சேர்த்ததும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. நடுவில் இன்னொரு நியூரான் இருந்தால், செயல் மின்னழுத்தம் அடங்கிய நிலையில் அது சிக்னலைக் கடத்தியிருக்காது. நேரடி இணைப்புதான்.