பிஜிபி: சுருக்கி அறிவித்தலும் நிபந்தனை அறிவிப்பும்

நெட்வொர்க்குகள் தங்களுக்குள் வழிகளை அறிவித்துக்கொள்ளும் நெறிமுறைதான் பிஜிபி. அதில் 10.1.0.0/24 முதல் 10.1.3.0/24 வரை நான்கு முகவரித் தொகுதிகளையும் (ப்ரீஃபிக்ஸ்) சிஸ்கோ ரவுட்டரில் 10.1.0.0/22 ஆகச் சுருக்க ‘அக்ரிகேட்-அட்ரஸ்’ கட்டளை போதும். ‘சம்மரி-ஒன்லி’ சேர்க்காவிட்டால் அந்த நான்கும் கூடவே வெளியே போகும். அவற்றில் ஒன்றாவது பிஜிபி டேபிளில் இருக்க வேண்டும். ரவுட்டிங் டேபிளில் மட்டும் இருந்தால் /22 உருவாகாது. மூல வழிகளின் நெட்வொர்க் (ஏஎஸ்) எண்களைச் சுருக்கத்தில் சேர்க்கும் ‘ஏஎஸ்-செட்’ பக்கமே போகாதீர்கள். 2011-லேயே இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 6472 வேண்டாம் என்றுவிட்டது.

நிபந்தனை அறிவிப்பில்தான், அதாவது முதன்மை இணைப்பு போனால் மட்டும் பேக்கப்புக்கு வழியை அறிவிப்பதில்தான், பலர் சறுக்குகிறார்கள். பேக்கப் ஐஎஸ்பி நெய்பருக்கு (எதிர்முனை ரவுட்டருக்கு) ‘அட்வர்டைஸ்-மேப்’ (எதை அறிவிப்பது), ‘நான்-எக்சிஸ்ட்-மேப்’ (எது மறைந்தால் அறிவிப்பது) இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். பின்னதில் கண்காணிக்கும் ப்ரீஃபிக்ஸ் முதன்மை ஐஎஸ்பி வழியாக மட்டுமே வர வேண்டும். அங்கே டீஃபால்ட் ரூட்டை (வேறு வழி தெரியாதபோது போகும் பொது வழியை) கொடுத்தீர்களோ, கெட்டது காரியம்: பேக்கப்பும் அதையே அனுப்பினால், லிங்க் அறுந்தாலும் அது டேபிளில் அப்படியே நிற்கும், அறிவிப்பு கிளம்பாது. எல்லாம் சரியாக இருந்தாலும் பிஜிபி டேபிளைச் சரிபார்க்கும் ஸ்கேனர் 60 விநாடிக்கு ஒருமுறைதான் பார்க்கும். உடனே மாறவில்லையே என்று கான்ஃபிகைக் கலைக்காதீர்கள்.