பந்தை உதைத்தது மகன், ஃபைல் தூக்கியது நான்

மகன் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பன்ட்டராகச் சேர்ந்ததிலிருந்து இங்கே மெல்பர்னில் தெரிந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எல்லாம் இலவசமாமே?" என்பதுதான். ஆமாம், கிட்டத்தட்ட. அந்தக் 'கிட்டத்தட்ட'வுக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்பது பிள்ளையை அனுப்ப நினைப்பவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

மூன்று முயற்சியில் பத்து கெஜம் முன்னேற முடியாத அணி, நான்காவதில் பெரும்பாலும் பந்தை எதிரணிப் பக்கம் தூரமாக உதைத்துக் கொடுத்துவிடும். உதைப்பவர்தான் பன்ட்டர். ஆட்டத்துக்கு நாலைந்து தடவை மைதானத்துக்குள் வருவார், அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்து ஃபூட்டி, அதாவது ஆஸ்திரேலிய விதி ஃபுட்பால் ஆடி, ஓடிக்கொண்டே உதைத்துப் பழகிய பையன்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கல்லூரி விதிப்படி, பந்தை உதைப்பதற்கு முன்பே பன்ட்டர் அணியின் தடுப்பு வரிசையில் நிற்பவர்கள் முன்னால் ஓடலாம். தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் இரண்டு ஓரங்களில் நிற்பவர்களுக்கு மட்டும்தான் அந்த அனுமதி. அதனால் பன்ட்டர் பக்கவாட்டில் ஓடி நேரத்தை இழுத்து உதைத்தால், பந்து விழும் இடத்துக்குத் தன் ஆட்கள் முன்கூட்டியே போய்விடுவார்கள். யூட்டா பல்கலைக்கழகத்தின் டாம் ஹாக்கெட் 2014, 2015 இரண்டு வருடமும் சிறந்த பன்ட்டருக்கான ரே கை விருதை வாங்கினார். 2016-ல் அதே யூட்டாவின் மிட்ச் விஷ்னோவ்ஸ்கி, 2017-ல் டெக்சாஸின் மைக்கேல் டிக்சன். எல்லாரும் ஆஸ்திரேலியர்கள். மெல்பர்னில் புரோகிக் ஆஸ்திரேலியா என்ற பயிற்சி நிறுவனம் 2007-லிருந்து இதற்கென்றே ஆள் தயார் செய்கிறது.

ஆனாலும் வந்ததும் உதைத்துவிட முடியாது. அமெரிக்கப் பந்து ஃபூட்டி பந்தைவிடச் சிறியது, இரண்டு முனையும் கூர்மை. பின்னால் பதினைந்து கெஜத்தில் நிற்பவனுக்கு அது, முன்னால் குனிந்து நிற்கும் சக வீரனின் கால் வழியாகச் சீறிக்கொண்டு வரும். பிடித்து, கைக்குள் திருப்பி, இரண்டு எட்டு வைத்து உதைக்க ஏறக்குறைய இரண்டு வினாடிதான். குளிர்காலக் காலைகளில் ஓவலில் நான் ஸ்டாப்வாட்சோடு நிற்பேன். காற்றில் நாலரை வினாடி நின்றால் நல்ல உதை. எனக்குப் போகப்போக வாட்சே தேவைப்படவில்லை. கையிலிருந்து பந்தை விடும்போது அதன் மூக்கு கொஞ்சம் தூக்கியிருந்தாலே அவன் முகம் மாறிவிடும்; பந்து மேலே போவதற்குள் எனக்குத் தெரிந்துவிடும், இது கோணல் என்று.

அப்புறம் காகிதம். கோச் கூப்பிட்டால் மட்டும் போதாது, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் தகுதி மையம் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் கேட்பது பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழை மட்டுமல்ல, ஒன்பதாம் வகுப்பிலிருந்து வருடா வருட மதிப்பெண். எங்களிடம் இருந்த ஒன்பதாம் வகுப்பு ரிப்போர்ட்டில் 'வகுப்பில் ஆர்வமாக இருக்கிறான்' என்ற வகைக் குறிப்புகள்தான் அதிகம். பள்ளி அலுவலகத்தில் ஒரு அம்மா பொறுமையாகப் பழைய பதிவுகளைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அவன் தொழில்முறை ஆட்டக்காரன் இல்லை என்று காட்ட, உள்ளூர் கிளப்பில் ஆடியதற்கு அவனுக்குக் கொடுத்த காசுக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

இதைவிட முக்கியம் ஐந்து வருடக் கெடிகாரம். எங்கள் சமயத்து விதிப்படி நான்கு சீசன் ஆட ஐந்து வருடம். அந்த ஐந்து வருடம் உலகத்தில் எந்தக் கல்லூரியில் முழுநேர மாணவனாகச் சேர்ந்தாலும் ஓட ஆரம்பித்துவிடும். இங்கே சும்மா ஒரு டிகிரியில் சேர்ந்து வைப்போம் என்று சேர்ந்தால் அங்கே ஒரு வருடம் போச்சு. பயிற்சிக்கு வந்த இன்னொரு பையனின் அப்பா இதை முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால் என் மகன் அந்த வருடம் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினான்.

விசாவே பெரிய தொல்லை இல்லை. கல்லூரி தரும் சேர்க்கைப் படிவமான ஐ-20 வந்தது, வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசுப் பதிவேடான செவிஸுக்குக் கட்டணம் 350 டாலர் கட்டினோம், டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பத்தை நிரப்பினோம், செயின்ட் கில்டா ரோட்டில் அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் நேர்காணல். தொல்லை தேதியில். கோச் ஜூனிலேயே பயிற்சிக்கு வா என்கிறார். ஐ-20 ஆகஸ்டில் வகுப்பு என்கிறது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் அந்தத் தேதிக்கு 30 நாள் முன்னால்தான் நுழைய முடியும். கோடைக்கால வகுப்பில் சேர்த்து ஐ-20-ஐ மாற்றித் தரும்வரை கோச் அலுவலகமும் வெளிநாட்டு மாணவர் அலுவலகமும் என்னைப் பந்தாடினார்கள். இரண்டும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன.

சரி, பணம். முழு ஸ்காலர்ஷிப் என்றால் கல்விக் கட்டணம், புத்தகம், தங்குமிடம், சாப்பாடு. முதல் இரண்டுக்கும் வரி இல்லை. தங்குமிடமும் சாப்பாடும் வரிக்குள் வரும், எஃப்-1 மாணவனுக்கு அதில் 14 சதவீதம் பிடிப்பார்கள். அமெரிக்கப் பையன்களுக்குப் பொதுக் கழிவு (வருமானத்தில் வரி போடாமல் விடும் ஒரு தொகை) இருப்பதால் அநேகமாக ஒன்றும் வராது. நம்மவனுக்கு அது கிடையாது. வேடிக்கை என்னவென்றால், இந்தியாவிலிருந்து போகும் மாணவர்களுக்கு வரி ஒப்பந்தப்படி அந்தக் கழிவு உண்டு. ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிய அன்று நாங்கள் கேக் வெட்டினோம்!

2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். ஆனால் எஃப்-1 விசா அந்த மாதிரி வேலைக்கு இடம் கொடுப்பதில்லை. அயோவாவின் டோரி டெய்லர் மெல்பர்ன்காரர். 2023-ல் மொத்தம் 4,479 கெஜம் உதைத்து, 1938-லிருந்து நின்ற சாதனையை உடைத்தார், ரே கை விருதும் வாங்கினார். பன்ட் அடிப்பதே வெற்றி என்று அச்சடித்த டி-ஷர்ட் அங்கே சக்கைப்போடு போட்டது. அந்தப் பணம் அவர் பைக்கு வரவில்லை, தர்மத்துக்குப் போனது.

நான் எதிர்பார்க்காதது கோச் மாறியது. சீசன் முடிந்ததும் தலைமைக் கோச்சை வீட்டுக்கு அனுப்பினார்கள். புதியவர் தன் ஆட்களோடு வந்தார், அதில் ஒரு பன்ட்டரும் உண்டு. எங்களுடையது வருடா வருடம் புதுப்பிக்கும் ஸ்காலர்ஷிப். மகன், கல்லூரி மாற நினைக்கும் வீரர்கள் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்து வேறு கல்லூரிக்குப் போனான். செவிஸ் பதிவை மாற்றி, புது ஐ-20 வாங்கி, மறுபடியும் எல்லாம். இந்த முறை ஃபைல் தூக்கியது அவனே.

டெய்லரை 2024-ல், என்.எஃப்.எல். அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், சிகாகோ பேர்ஸ் அணி நான்காவது சுற்றில் எடுத்தது. அந்தப் படத்தை எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப்பில் போடாத உறவினர் இல்லை. என்.எஃப்.எல்.லில் இருப்பது 32 அணி, அணிக்கு ஒரு பன்ட்டர். இவன் படிப்பது அக்கவுண்டிங். பட்டம் முடிய 90 நாள் இருக்கும்போதே ஓ.பி.டி. என்ற, படித்த துறையில் அங்கேயே கொஞ்ச காலம் வேலை பார்க்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாமாம். அந்த ஃபார்மைத்தான் இப்போது நிரப்பிக்கொண்டிருக்கிறான்.