அப்பா பார்த்த ரயில் படம்

திரையில் ரயில் தலைகாட்டியதிலிருந்தே அப்பா குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகள் தண்டவாளத்தில் நடக்கிறார்கள், கேட்பார் இல்லை. சுரங்கத்துக்குள் கால் முறிந்து ஒரு பையன் கிடக்கிறான், முதலில் ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தகவல் போக வேண்டாமா? "இந்தப் பிள்ளைகளை யார் உள்ளே விட்டது?" என்று மடிக்கணினியைப் பார்த்துக் கேட்டார். ஆலப்பாக்கத்திலும் பிறகு கடலூர் முதுநகரிலும் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக, அதாவது வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடுபவராக, இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ரயில் படம் போட்டுக் காட்டியது என் தவறு.

படம் 'தி ரெயில்வே சில்ட்ரன்', 1970-ல் வந்தது. இ. நெஸ்பிட் 1906-ல் குழந்தைகளுக்காக எழுதிய நாவலை, நடிகர் லயனல் ஜெஃப்ரீஸ் தன் முதல் படமாக இயக்கினார். லண்டனில் வசதியாக வாழும் ஒரு வீட்டுக்கு ஒரு மாலை இரண்டு பேர் வருகிறார்கள், அப்பாவை அழைத்துப் போகிறார்கள். அவர் அரசு ரகசியங்களை விற்றதாகப் பொய்ப் பழி. அம்மாவும் மூன்று பிள்ளைகளும் யார்க்‌ஷயரில் ரயில் பாதை ஓரமாக ஒரு வீட்டுக்குக் குடிபெயர்கிறார்கள். அம்மா கதை எழுதிச் சம்பாதிக்கிறார். மூத்தவளாக நடித்த ஜென்னி அகட்டருக்கு அப்போது 17 வயது, அவளுடைய தங்கையாக நடித்த சாலி தாம்செட்டுக்கு 20. இதைச் சொன்னதும் அப்பா நம்பவில்லை. பாதிப் படம் வரை தங்கையின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டு வசனத்துக்கு ஒருமுறை படத்தை நிறுத்தி நான் தமிழில் சொல்ல வேண்டும். ஆனால் சொல்லாமலே புரிந்துகொண்ட இடங்கள் அதிகம். குளிருக்காக அந்த வீட்டுப் பையன் ஸ்டேஷன் கரிக் குவியலில் திருடி மாட்டிக்கொள்ளும்போது சிரித்தார். முதுநகர் யார்டில் என்ஜின் கொட்டிய சாம்பலைக் கிளறி, அரைகுறையாக எரிந்த கரித்துண்டுகளை அம்மா பொறுக்கி வந்து குமுட்டி அடுப்பு மூட்டியது எனக்கும் நினைவிருக்கிறது. "பொறுக்கினால் தப்பில்லை, குவியலில் கை வைக்கக் கூடாது" என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

மண் சரிந்து பாதையை மூடிவிட, பெண் பிள்ளைகள் தங்கள் சிவப்பு உள்பாவாடைகளைக் கொடியாக்கி வண்டியை நிறுத்தும் காட்சி மிகவும் பிரபலம். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். "பாவாடையைக் கிழித்திருக்க வேண்டாம். கொடி இல்லாவிட்டால் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். அதுவும் சிவப்புதான்" என்றார். உட்கார்ந்தபடியே தூக்கியும் காட்டினார். வலது முழங்கைக்கு மேலே அந்தப் பழைய தழும்பு தெரிந்தது. ஓடும் வண்டியின் டிரைவரிடம் டோக்கன், அதாவது அடுத்த ஸ்டேஷன் வரை போகலாம் என்பதற்கான அடையாளம், கொடுத்து, எதிரில் வரும் பிரம்பு வளையத்தைக் கையை நுழைத்து வாங்க வேண்டும். வளையத்தின் அடியில் தோல் பை, பைக்குள் இரும்பு உருண்டை, அதுதான் டோக்கன். வண்டி வேகமாக வந்தால் அந்த உருண்டை சுழன்று கையில் அடிக்கும். அப்படி ஓர் இரவில் பட்டது அந்தத் தழும்பு. விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை வரை மீட்டர் கேஜைப் பிடுங்கிவிட்டு 2010-ல் அகலப்பாதை வந்தபோது, அந்த வளையத்தில் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்திருக்கலாமே என்று நான் சொன்னேன். "அது சர்க்கார் சொத்து" என்று முடித்துவிட்டார்.

எனக்குப் பிடித்தது கொடிக் காட்சி அல்ல, ஸ்டேஷன் போர்ட்டர் பெர்க்ஸின் பிறந்தநாள் காட்சி. பெர்னார்ட் கிரிபின்ஸ் நடித்திருக்கிறார். பெரிய குடும்பம், சின்னச் சம்பளம், தன் பிறந்தநாளைக் கொண்டாடாத மனிதர். பிள்ளைகள் ஊராரிடம் சொல்லிப் பரிசுகளைச் சேர்த்துக் கொண்டுவந்து வைக்கிறார்கள். பெர்க்ஸ் வீட்டுக்கு வருகிறார், மேசையைப் பார்க்கிறார், முகம் கறுத்துவிடுகிறது. பிச்சை வேண்டாம், எடுத்துப் போங்கள் என்று சத்தம் போடுகிறார்.

இங்கே அப்பா தானே விசையைத் தட்டிப் படத்தை நிறுத்தினார்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. முதுநகரில் எங்கள் வீட்டுக் கூரையில் பாதி ஓடு போய்விட்டது. முருங்கை கிணற்றுக்குள் தலைகீழாகக் கிடந்தது. மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நான் அப்போது புதுச்சேரியில் வேலை பார்த்தேன். என் அலுவலகத்தார் பணம் போட்டு ஒரு மூட்டை அரிசி, போர்வைகள், தார்ப்பாய், மெழுகுவர்த்தி எல்லாம் வாங்கி வேனில் கொண்டுவந்தார்கள். வாசலில் மூட்டையை இறக்கியதும் ஒருவர் செல்போனை எடுத்து, "ஐயா, மூட்டையில் கை வைத்து இந்தப் பக்கம் திரும்புங்கள்" என்றார். அப்பா கையை எடுத்தார். "எனக்குப் பென்ஷன் வருகிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் நனைந்த பாயில் உட்கார்ந்துகொண்டார்.

அரிசி பக்கத்து வீட்டுக்குப் போனது, தார்ப்பாய் அதற்கும் அடுத்த வீட்டுக்கு. எனக்கு அப்படி ஒரு கோபம். அலுவலகத்தில் ஒரு மாதம் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அப்பாவிடம் பேச்சு நின்று, பிறகு பொங்கலுக்கோ எதற்கோ ஒட்டிக்கொண்டது. அந்த மூட்டையைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதே இல்லை.

"அப்புறம் வாங்கிக்கொண்டானா?" என்றார் அப்பா, நின்ற படத்தைப் பார்த்தபடி.

வாங்கிக்கொண்டான் என்றேன். ஒவ்வொரு பொருளிலும் கொடுத்தவர் பெயரைச் சீட்டு எழுதி வைத்திருந்தார்கள், ஒவ்வொருவரும் அவனைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதையும் அந்த மூத்த பெண் எடுத்துச் சொன்னாள், அதன் பிறகுதான் சமாதானமானான் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம் வீட்டுக்கு வந்த மூட்டையில் யார் யார் போட்டிருந்தார்கள்?" என்று கேட்டார்.

பதினொரு பேர். எனக்கு ஒன்பது பெயர்தான் நினைவுக்கு வந்தது. ஒவ்வொன்றாகச் சொன்னேன். வேன் ஓட்டி வந்த பையன் பெயரையும் கேட்டார். அவனும் ஐந்நூறு ரூபாய் போட்டிருந்தான் என்று சொன்னதும், "அவன் சொல்லவே இல்லையே" என்றார்.

படத்தை மறுபடி ஓடவிட்டேன். கடைசியில் பிளாட்பாரத்தில் நீராவி விலகுகிறது, உள்ளிருந்து அந்த மூத்த பெண்ணின் அப்பா தெரிகிறார், அவள் ஓடுகிறாள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அப்பா என் பக்கம் திரும்பவில்லை. "நின்ற வண்டிக்கு எதற்கு இவ்வளவு ஆவி? டிரைவரிடம் சொல்லித் திறந்துவிட்டிருக்கிறார்கள்" என்றார்.

அந்த ஸ்டேஷன் ஓக்வொர்த் என்றும், அரசு கைவிட்ட பாதையை ஆர்வலர்கள் சேர்ந்து 1968-ல் மீண்டும் ஓட்டத் தொடங்கியதால்தான் அங்கே படம் எடுக்க முடிந்தது என்றும் சொன்னேன். அதில் அவருக்கு அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அந்த ஆளுக்கு வேலை திரும்பக் கிடைத்ததா? உள்ளே இருந்த நாள்களுக்குச் சம்பளம் போட்டார்களா?"

படத்தில் அதைச் சொல்லவில்லை என்றேன்.

"அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்" என்று எழுந்து போனார்.